பழைய கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வேலை

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் நின்றன. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவுசெய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை என்று ஒரு சலுகைக் காலம் தந்தார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும்; இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக் கடைகளின் கல்லாப் பக்கத்திலும், பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளிலும் தூசி படிந்து கிடக்கும் பல கம்ப்யூட்டர்களுக்கு இந்த இரண்டுமே இல்லை.

கடைக்காரர் "எக்ஸ்சேஞ்சில் போட்டுடுங்க சார்" என்பார். காயலாங்கடைக்காரர் எடை போட்டு விலை சொல்வார். இரண்டு பேரிடமும் போவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாலு காசு வருகிற மாதிரி ஒரே ஒரு வேலையை இதனிடம் ஒப்படைக்க முடியுமா?

ஒரே ஒரு வேலை என்பதை அழுத்திச் சொல்கிறேன். யூடியூப், வாட்ஸ்அப் வெப், டேலி, ஜி.எஸ்.டி. தளம், நடுவில் பையனுக்கு ஒரு கேம் என்று எல்லாவற்றையும் ஒன்றின் தலையில் கட்டினால் பத்து வருடக் கம்ப்யூட்டர் திணறத்தான் செய்யும். ஒன்றை மட்டும் கொடுத்தால் இன்னும் பல வருடம் ஓடும். முதலில் வேலையை முடிவு செய்யுங்கள். எந்த ஓ.எஸ். போடுவது, ரேம் வாங்குவதா வேண்டாமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நம்மில் பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துதான் காசைக் கரைக்கிறோம்.

காஞ்சிபுரத்தில் அந்த ஒரு வேலை எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புடவை டிசைனைக் கட்டம் கட்டமாக வரையும் கிராஃப் போடுவதுதான்.

கையில் இருப்பது என்ன?

தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. முதல் சில வருடங்களில் வந்தவற்றில் பெரும்பாலும் 2 ஜிபி ரேம்தான். அக்கா பிளஸ் டூவில் வாங்கியது, தம்பி கேம் ஆடி, கீல் உடைந்து, பேட்டரி செத்து, சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும் நிலையில் அது இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு 20 லட்சம் என்று புதிய அறிவிப்பு வந்தது. புதியது வீட்டுக்குள் வரும்போது பழையது இன்னும் ஒரு படி கீழே இறங்கும். கடைகளில் கிடப்பவை பெரும்பாலும் டெஸ்க்டாப். டெல் நிறுவனம் 2007இல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்ததால், சிலவற்றின் பிறந்த ஊரே நம் மாவட்டம்தான்.

எதுவானாலும் முதலில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கரன்ட்டைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் ஃபேனில் படிந்திருக்கும் தூசியைத் தள்ளுங்கள். 'ஸ்லோ' என்று ஓரங்கட்டப்பட்ட கம்ப்யூட்டர்களில் கணிசமானவை சூட்டால் தம்மைத்தாமே மெதுவாக்கிக்கொண்டவை. ரேமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைச் சுத்தமான ரப்பரால் துடைத்து மறுபடி செருகுங்கள். ஆன் செய்யும்போது தேதி 2009 என்றோ 2012 என்றோ காட்டினால் மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சி.ஆர். 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காமல் எச்சரிக்கை காட்டும்; 'நெட் வரலை' என்று புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள்கூட உண்டு.

லேப்டாப்பின் பேட்டரி உப்பியிருந்தால் அதைக் கழற்றி அப்புறப்படுத்துங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள். பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓடுகிற மாடலாக இருந்தால் தறிக்குப் பக்கத்தில் வைத்து ஓட்ட அது போதும்.

செலவு செய்வதாக இருந்தால் முதல் ரூபாய் எஸ்.எஸ்.டி.க்கு, இரண்டாவது ரூபாய் ரேமுக்கு, மூன்றாவது ரூபாய் வேண்டாம். சுற்றுகிற பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு இரண்டரை இஞ்சு எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டினால் கிடைக்கும் வேகம் வேறு எதிலும் கிடைக்காது. டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3 ரேமைப் புதிதாகத் தேடாதீர்கள். சென்னை ரிச்சி தெருவில் கழற்றி எடுத்தது கிடைக்கும். பழைய ரேமைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, அங்கேயே சோதித்து வாங்குங்கள்.

தறி கேட்பது 29 கேபிதான்

ஜக்கார்டு அட்டையிலிருந்துதான் கம்ப்யூட்டரே வந்தது என்று மேடையில் அடிக்கடி சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், நம் வேலைக்கு உதவாது. உதவுகிற கணக்கைப் பார்ப்போம்.

தறியில் பாவு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு, 240 கொக்கியுள்ளது ஒன்று. டிசைன் 960 ஊடைக்கு (குறுக்கு இழைக்கு) ஒருமுறை திரும்ப வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஊடைக்கும் ஒவ்வொரு கொக்கியும் தூக்க வேண்டும், அல்லது சும்மா இருக்க வேண்டும். மூன்றாவது நிலை கிடையாது. ஆக, கிராஃபில் 240 கட்டம் அகலம், 960 கட்டம் உயரம், மொத்தம் 2,30,400 கட்டங்கள், ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. இதைக் கம்ப்யூட்டரில் 1-பிட் படமாகச் சேமித்தால் சுமார் 29 கேபி. உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோ இதைப்போல நூறு மடங்குக்கு மேல். அட்டையில் குத்தினால் இதற்கு 960 அட்டை வேண்டும். பென்டிரைவில் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்த வேலைக்கு 2 ஜிபி ரேம் தாராளம். ஐ7 வேண்டும், கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர் எதையோ விற்கப் பார்க்கிறார்.

விலை கொடுத்து வாங்கும் ஜவுளி கேட் மென்பொருள்கள் இருக்கின்றன; பெரிய இடங்களில் அவைதான் ஓடுகின்றன. கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவருக்கு இரண்டு இலவச வழிகள் உண்டு. ஒன்று, மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கிய டிஜிபுனாய். டாபி, ஜக்கார்டு இரண்டுக்கும் டிசைன் போடவென்றே எழுதப்பட்ட திறமூல மென்பொருள் அது. புடவையின் அமைப்பையே திரையில் வைத்துப் பார்க்கலாம். இன்னொன்று ஜிம்ப். அது பொதுவான படம் வரையும் மென்பொருள்தான். ஆனால் கிராஃப் என்றால் என்ன என்பதைக் கை பழகிக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பது என் கட்சி. கட்டத்தை ஒவ்வொன்றாக நீங்களே வைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் புத்தியில் ஏறும்.

ஜிம்பில் செய்ய வேண்டியது இது. 240க்கு 960 அளவில் புதுப் படம் திறங்கள். இமேஜ் மெனுவில் மோட், அதில் இண்டெக்ஸ்ட், அதில் 1-பிட் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஓரங்களில் சாம்பல் நிறப் புள்ளிகள் சேரும். தறிக்குச் சாம்பல் தெரியாது. பிரஷ்ஷைத் தொடாதீர்கள், பென்சிலை எடுங்கள், அளவை 1 என்று வையுங்கள். கிரிடைத் திரையில் வரவழைத்து, எட்டு மடங்கு பெரிதாக்கி வரையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் உருவமானால் பாதியை வரைந்து நகலெடுத்துப் புரட்டிப் போட்டால் போதும்.

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். திரையில் கட்டம் சதுரம். தறியில் சதுரம் இல்லை. உதாரணத்துக்கு, இஞ்சுக்கு 60 கொக்கி, இஞ்சுக்கு 80 ஊடை என்று இருந்தால், ஒரு இஞ்சு வட்டம் போட 60 கட்டம் அகலமும் 80 கட்டம் உயரமும் வேண்டும். திரையில் அது முட்டையாகத் தெரியும். சேலையில் வட்டமாக விழும். திரையில் அழகாக இருக்கிற மயிலை அப்படியே அனுப்பினால் புடவையில் கழுத்து குறுகிய வாத்து வரும். ஆகவே வரையத் தொடங்கும் முன் மாஸ்டர் வீவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: "அண்ணே, எத்தனை கொக்கி? இஞ்சுக்கு எத்தனை கொக்கி, எத்தனை ஊடை? கறுப்புக்குத் தூக்குமா, வெள்ளைக்குத் தூக்குமா?" மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் போனால் மொத்த டிசைனும் தலைகீழாக வரும்.

கம்ப்யூட்டர் சொல்லித்தராத ஒன்றும் இருக்கிறது. பெரிய இதழையோ அன்னத்தின் உடலையோ கறுப்பால் நிரப்பிவிட்டால் அந்த இடத்தில் ஜரிகை கட்டில்லாமல் நீளமாக ஓடும். கட்டியவர் வளையலில் அது மாட்டி இழுபடும். நடுநடுவே கட்டுப் புள்ளிகள் வைக்க வேண்டும். எவ்வளவு இடைவெளியில், எந்த வரிசையில் என்பதைத் தறியில் உட்கார்ந்தவர்தான் சொல்ல முடியும். அப்பாவோ மாமாவோ தறி போட்ட வீட்டுப் பிள்ளைக்கு மென்பொருள் படித்தவரைவிட இங்கே கை ஓங்கியிருக்கும். ஓரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகள் இந்த அறிவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது என் மனக்குறை. போவது தப்பில்லை. வார விடுமுறையில் இதையும் செய்யலாம் என்றுதான் சொல்கிறேன்.

நெட் கனெக்‌ஷனை வெட்டிவிடுங்கள்

அப்டேட் நின்றுபோன கம்ப்யூட்டரின் ஆபத்து முழுக்க இணையத்தின் வழியாகவும் பென்டிரைவின் வழியாகவும் வருவது. டிசைன் போடுவதற்கு இணையம் தேவையே இல்லை. அத்தோடு, எந்த மாஸ்டர் வீவரும் தன் புது முந்தி டிசைன் முகூர்த்த சீசனுக்கு முன்னால் வெளியே போவதை விரும்பமாட்டார். நெட் இல்லாத கம்ப்யூட்டரில்தான் போடுகிறேன் என்று நீங்கள் சொன்னால் அது அவருக்கு ஒரு உத்தரவாதம். பழசு என்பது இங்கே குறையில்லை, விற்பனைக்குரிய குணம்.

உங்களிடம் ஏற்கெனவே டாங்கிள் செருகி ஓடும் பழைய கேட் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியிலோ 7இலோ இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது, 7க்கு 2020 ஜனவரி 14இல். இருந்தாலும் லேன் வயரைப் பிடுங்கி, வைஃபையை அணைத்து, அந்த ஒரு மென்பொருளுக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம். டிஸ்க்கை மட்டும் முழுசாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். டிஸ்க் போனால் அந்த மென்பொருளை மறுபடி நிறுவ ஆள் கிடைக்காது.

மற்றவர்கள் லினக்ஸுக்கு மாறுவது நல்லது. 2 ஜிபிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஓடும். 4 ஜிபி என்றால் சௌகரியமாக ஓடும். 32-பிட் பிராசஸர் என்றால் வழி குறுகிக்கொண்டே வருகிறது. 2025இல் வந்த டெபியன் 13இலேயே 32-பிட்டுக்கு நிறுவல் வட்டு கிடையாது. டெபியன் 12 அல்லது ஆன்டிஎக்ஸ் போட்டு, பிரவுசரை மறந்துவிட்டு, தட்டச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். எதையும் நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே லைவாக ஓட்டிப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரின்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பிரின்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் கடைகளில் எங்கு பார்த்தாலும் இருக்கும் கேனான் எல்.பி.பி. 2900 லினக்ஸோடு லேசில் ஒத்துப்போகாது. அது உங்களிடம் இருந்தால் பில் போடும் கம்ப்யூட்டரை விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள். பழைய கேனான் லைடு ஸ்கேனர்கள் இதற்கு நேர் எதிர். லினக்ஸில் செருகியதும் வேலை செய்பவை அவற்றில் பல.

அந்த ஸ்கேனரை வைத்து இன்னொரு வேலை செய்யலாம். பழைய டிசைனர்கள் கையால் போட்ட கிராஃப் காகிதங்கள் பல வீடுகளில் மடிந்து பழுப்பேறிக் கிடக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து, கட்டத்துக்குக் கட்டம் சரிபார்த்து, தறிக்குத் தகுந்த கோப்பாக மாற்றிக் கொடுப்பது கூலி கிடைக்கிற வேலை. கோப்பின் பெயரிலேயே கொக்கி எண்ணிக்கையும் ஊடை எண்ணிக்கையும் வருமாறு வையுங்கள். எலக்ட்ரானிக் ஜக்கார்டின் கண்ட்ரோல் பெட்டி தமிழ்ப் பெயரைப் படிக்காமல் போகலாம். ஆங்கில எழுத்தும் எண்ணும் பாதுகாப்பு. எந்த வடிவத்தில் கோப்பு வேண்டும் என்பதும் பெட்டிக்குப் பெட்டி மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்காக வரைந்த டிசைனுக்கு உரிமையாளர் அவர்தான் என்று 2000ஆம் ஆண்டின் டிசைன் சட்டம் சொல்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் நகல் இருக்கிறதே என்று இன்னொருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். சட்டம் பிறகு வரும்; பிள்ளையார்பாளையத்தில் பேச்சு அதற்கு முன்னால் வந்துவிடும்.

எங்கே கற்றுக்கொள்வது, யாரிடம் கேட்பது

காஞ்சிபுரத்திலேயே மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. டிசைன், சாயம், நெசவு மூன்றுக்கும் ஆள் இருக்கும் இடம். போய், உங்கள் தறியின் விவரத்தைச் சொல்லி, டிசைன் பயிற்சி எப்போது என்று கேளுங்கள். முழுநேரமாகப் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்குச் சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தின் டிப்ளமோ இருக்கிறது.

லினக்ஸ் பக்கம் சந்தேகம் வந்தால் ஊரை விட்டே போக வேண்டாம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு பல வருடங்களாக நம் ஊர்ப் பெயரிலேயே இயங்குகிறது. தமிழிலேயே கேட்கலாம், ஃபீஸ் கிடையாது. 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழும் அதன் 'எளிய தமிழில்' வரிசை நூல்களும் இலவசம். விழுப்புரத்தில் இதே மாதிரி ஒரு குழு 2013 முதல் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறது. லினக்ஸ் என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியானது, நம் இலவச மடிக்கணினிகளிலும் வந்தது. வாங்கிய வாரமே அதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டோம் என்பது வேறு கதை. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளிலேயே ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டன.

கிராஃப் வேண்டாம் என்பவர்களுக்கு

தறியோடு சம்பந்தமில்லாதவர்களுக்கு அடுத்த நல்ல வேலை தட்டச்சு. டி.என்.பி.எஸ்.சி. தட்டச்சர் பணிக்குப் போகிறவர்களுக்கு அரசுத் தொழில்நுட்பத் தட்டச்சுத் தேர்வோடு, கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழும் தேவைப்படும். விரல் பழகுவதற்கு 1 ஜிபி கம்ப்யூட்டர் போதும். நல்ல கீபோர்டு ஒன்று மட்டும் புதிதாக வாங்குங்கள். தமிழுக்கு 1999இல் அரசு அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகையில் பழகுவது நல்லது. லினக்ஸிலும் அது உண்டு. ஆனால் லிப்ரே ஆபீஸில் பழகிவிட்டு நேராகத் தேர்வுக்குப் போகாதீர்கள். மெனுக்கள் இடம் மாறியிருக்கும். கடைசி மாதம் தேர்வு நடக்கும் மென்பொருளிலேயே பயிற்சி மையத்தில் உட்கார வேண்டும்.

லாட்ஜ், மெஸ், டிராவல்ஸ் வைத்திருப்பவர்களுக்கு முன்பதிவு நோட்டை அப்படியே ஒரு எக்செல் தாள் மாதிரி லிப்ரே ஆபீஸில் வைத்துக்கொள்ள பழைய லேப்டாப் போதும். வைகாசி கருட சேவைக்குப் போன வருடம் எத்தனை ரூம் எந்த வாடகைக்குப் போனது என்று பார்க்க முடிந்தாலே லாபம். டேலியை லினக்ஸில் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். டேலி விண்டோஸுக்கு எழுதப்பட்டது, ஆடிட்டரோடு மல்லுக்கட்ட நேரிடும்.

இ-சேவை, பணப் பரிமாற்றம், ஆதார் கைரேகை போன்ற வேலைகளுக்குப் பழைய கம்ப்யூட்டரை வைக்கவே கூடாது. அடுத்தவரின் வங்கி விவரம் புழங்கும் இடத்தில் அப்டேட் நின்ற விண்டோஸ் என்பது திறந்து போட்ட கல்லாப்பெட்டி.

கரன்ட் கணக்கு

ஒரு பழைய டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். பத்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். டிசைன் வேலைக்கு இது பெரிதல்ல. ஆனால் யூடியூபைப் பார்த்துவிட்டு, பழைய டெஸ்க்டாப்பை வீட்டு சர்வராக்கி இருபத்துநாலு மணி நேரமும் ஓட விடுகிறேன் என்று சிலர் கிளம்புகிறார்கள். ஒரு நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். கைத்தறி நெசவாளர்களுக்கான இலவச மின்சாரம் 2023இல் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 300 ஆக உயர்ந்தது. அதில் கிட்டத்தட்ட பாதியை யாரும் தொடாத ஒரு பெட்டி சாப்பிட்டுவிடும். சர்வர் வேண்டும் என்றால் திரை உடைந்த லேப்டாப்பை அதற்கு வையுங்கள். அதன் இழுவை மிகக் குறைவு.

சரிசெய்வதே தொழிலானால்

இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களை உயிர்ப்பித்த பிறகு பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வரத் தொடங்கும். இது ஒரு தொழில். ஐ.டி.ஐ.யில் கோபா என்ற கம்ப்யூட்டர் பிரிவு படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10 நின்றதால் இந்த ஓரிரு வருடங்களுக்குக் கையில் வேலை இருக்கும்.

இரண்டே விஷயத்தில் மற்ற சர்வீஸ்காரர்களிடமிருந்து மாறுபடுங்கள். ஒன்று, கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வாங்கும்போதே என்ன வேலைக்கு வேண்டும் என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "பையன் படிக்க" என்று சொல்லிவிட்டு, பிறகு டேலி ஓடவில்லை என்று சண்டைக்கு வருவது இந்தத் தொழிலின் நிரந்தரத் தலைவலி. இரண்டு, திருட்டு விண்டோஸ் போட்டுக்கொடுக்காதீர்கள். அன்றைக்கு வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார். ஆறு மாதத்தில் ஜவுளிக்கடையின் கணக்கு முழுக்கப் பூட்டுப் போட்டுப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் உங்கள் வாசலில்தான் நிற்பார்.

கூலியை வேலைக்கு வாங்குங்கள், பாகத்தில் மறைத்து வைக்காதீர்கள். எஸ்.எஸ்.டி. பில்லைக் காட்டிவிட்டு உங்கள் கூலியைத் தனியாகச் சொன்னால் முதலில் முகம் சுளிப்பார்கள். அடுத்த முறை உங்களிடம்தான் வருவார்கள்.

எதற்கும் ஆகாதது

மதர்போர்டில் கன்டென்சர் உப்பி, ஆன் ஆகாமல் கிடப்பதற்கு வேலை தேட வேண்டாம். ரேம், பவர் சப்ளை, ஃபேன், ஸ்குரூ வரை கழற்றிக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாம். யாரிடம் கொடுப்பது என்பதில் கவனம் தேவை. பழைய டப்பா மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கும்போது வரும் புகை தெருவுக்கே விஷம். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, தயாரித்து விற்ற கம்பெனிகளுக்கே அவற்றை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உண்டு. கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசி, திரும்பப் பெறுவார்களா என்று கேளுங்கள். அல்லது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், அது குப்பை வண்டியிலேயே தீப்பிடிக்கலாம்.

விற்றாலும், இனாமாகக் கொடுத்தாலும், கழிவுக்குப் போட்டாலும் ஹார்டு டிஸ்க்கை மட்டும் முதலில் கழற்றுங்கள். ஃபார்மட் செய்துவிட்டேன் என்பது போதாது. ஃபார்மட் செய்ததிலிருந்து கோப்புகளை மீட்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. டிஸ்க் நன்றாக இருந்தால் என்வைப் (nwipe) போன்ற அழிப்பு மென்பொருளை வைத்து முழுவதும் எழுதி அழியுங்கள். ஓடாத டிஸ்க் என்றால் டிரில்லால் தட்டு வரை துளை போடுங்கள். உங்கள் டிசைன்களும், கடைக் கணக்கும், வீட்டுப் பெண்களின் போட்டோக்களும் அதில்தான் இருக்கின்றன.